குளிர்ப் பிரதேசங்களில் மோட்டார் கொட்டகைத் தளம் அமைத்தல்

மோட்டார் வாகனம் நிற்கும் கொட்டகையின் தளம் கட்டடத்தின் மற்ற எந்தத் தளத்தையும்விடக் கடுமையாக உழைக்கிறது. சக்கரங்களின் உராய்வு, எஞ்சின் எண்ணெய், பாட்டரி அமிலம், மழைநீர், ஜாக்கி ஊன்றும் இடத்தில் விழும் அழுத்தம் ஆகிய அனைத்தையும் அது தாங்க வேண்டும். ஆயினும் கட்டட மதிப்பீடுகளில் தளத்திற்குக் கிடைக்கும் கவனம் ஓரிரு வரிகளே. சுவரும் கூரையும் முடிந்த பின்னர், எஞ்சிய பணத்தில், எஞ்சிய நாட்களில் இடப்படுவதாகவே தளம் பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. அந்த நாட்கள் குளிர்காலத்தில் அமையுமானால் தொல்லை இரட்டிப்பாகிறது.

கேரள மாநிலத்தில் இவ்விஷயம் தனிக் கவனத்திற்குரியது. தலைநகரான திருவனந்தபுரம் கடலோரத்தில் உள்ளது. ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவிலும் அங்கு உஷ்ணநிலை பொதுவாக 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே செல்வதில்லை. அதே மாநிலத்தில், சாலை வழியே 300 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள மூணாறில், ஜனவரி மாத விடியற்காலைகளில் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கின்றன. 2019 ஜனவரியில் மூணாறைச் சுற்றியுள்ள சில தேயிலைத் தோட்டங்களில் உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழே இறங்கியது. தலைநகரில் தயாரிக்கப்படும் ஒரே மாதிரி வரைபடத்தையும் ஒரே பொருட்பட்டியலையும் இவ்விரண்டு இடங்களிலும் அப்படியே பின்பற்றினால் ஓரிடத்தில் நிலைக்கும் தளம் மற்றோரிடத்தில் நிலைக்காமல் போகலாம். அதற்குக் காரணம் என்ன, எந்த இடத்திற்கு எந்தத் தளம் பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயரமும் குளிரும்

கடல்மட்டத்திலிருந்து மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. உயரத்தினால் ஏற்படும் இத்தகைய வேறுபாடுகளை முறையாக அளந்தறியும் முயற்சி திருவனந்தபுரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்தில், 1837-இல், அங்கு ஒரு நோக்ககம் நிறுவப்பட்டது. 1852-இல் அதன் பொறுப்பை ஏற்ற ஜான் ஆலன் பிரவுன், 1855-இல் 6,000 அடிக்கு மேற்பட்ட உயரமுள்ள அகஸ்தியமலைச் சிகரத்தில் மற்றொரு நோக்ககத்தை அமைத்தார். நகரத்திலும் சிகரத்திலும் எடுக்கப்பட்ட அளவீடுகளை ஒப்பிட்டு ஆராய இவ்வாறு வழி ஏற்பட்டது.

மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேற்கூறிய கணக்குப்படி அது திருவனந்தபுரத்தைவிடப் பத்து டிகிரி மட்டுமே குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் மேகமற்ற இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானவெளிக்கு விரைவாக இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானதாகையால் சரிவுகளின் வழியே வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. ஆகவே மேட்டில் உள்ள கட்டடத்தில் 8 டிகிரி இருக்கும்போதே தாழ்வான புல்வெளியருகே உள்ள கொட்டகையில் பூஜ்யமாக இருக்கக் கூடும். ஊரின் சராசரி உஷ்ணநிலையைப் பஞ்சாங்கம்போல் நம்பாமல், தளம் இடப்படும் இடத்திலேயே, தரையை ஒட்டி, இரவில் வெப்பமானியை வைத்துப் பார்ப்பது அவசியமாகும்.

அப்படியானால் குளிர்காலத்தைத் தவிர்த்து வேறு மாதங்களில் தளம் இடலாமே என்ற வினா எழக்கூடும். மலைப்பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் வேலையைத் தடுக்கின்றன. டிசம்பரில்தான் வானம் தெளிகிறது. அப்போதுதான் குளிரும் தொடங்குகிறது. மார்ச் 31-க்குள் ஒதுக்கப்பட்ட தொகையைச் செலவிட வேண்டிய நிர்ப்பந்தமும் சேர்ந்துகொள்கிறது. எனவே மலைப்பகுதியில் வறண்ட காலமும் குளிர்காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. குளிரில் வேலை செய்யும் முறையை அறிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

தளம் எதனால் கெடுகிறது?

வாகனத்தின் கனத்தால்தான் தளம் வெடிக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். ஓர் எளிய கணக்கு இவ்வெண்ணத்தைத் திருத்தும். காற்றடைத்த டயர் தரையின்மீது செலுத்தும் அழுத்தம், டயரினுள் உள்ள காற்றின் அழுத்தத்திற்கு ஏறத்தாழச் சமம். கார் டயரில் இது சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ. சாதாரண எம் 20 கான்கிரீட்டின் நசுக்கு வலிமையோ சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ. நன்கு அமைந்த கான்கிரீட்டை ஒரு ஜீப் நசுக்கிவிட முடியாது.

தளம் கெடுவதற்குரிய காரணங்கள் வேறு. அடிமண் சரியாகத் திமிசு போடப்படாமல் பள்ளம் விழுந்தால் தளம் தாங்குதலின்றி முறிகிறது. மேற்பரப்பு போதிய வலிமை பெறாதபோது சக்கரம் உராய்ந்து தூசியாக உதிர்கிறது. அடியிலிருந்து ஏறும் ஈரம் மேற்பூச்சைத் தள்ளி உரிக்கிறது. இம்மூன்றில் முதலாவது எல்லா இடங்களுக்கும் பொதுவானது. இரண்டாவது குளிர்ப் பிரதேசத்திலும், மூன்றாவது திருவனந்தபுரம் போன்ற ஈரப் பிரதேசத்திலும் மிகுதியாகக் காணப்படுகின்றன. தளத்தின் ஆயுளை அதன் பொருளின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது இடப்பட்ட முதல் சில நாட்களின் வெப்பமும் ஈரமும் பெரும்பகுதி தீர்மானிக்கின்றன.

குளிரில் கான்கிரீட்டுக்கு நேர்வது

சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை. நீருடன் இரசாயனக் கூட்டுச் சேர்ந்தே அது இறுகுகிறது. இந்நீரேற்றம் எல்லா இரசாயன வினைகளையும் போலவே குளிரில் மந்தமடைகிறது. இதனை அளவிட ஒரு விதி உண்டு. 1949-லும் 1951-லும் இங்கிலாந்தில் நர்ஸ், சால் ஆகியோர் வெளியிட்ட ஆராய்ச்சிகளிலிருந்து அது உருவாயிற்று. கான்கிரீட்டின் உஷ்ணநிலையுடன் 10-ஐக் கூட்டி, அவ்வுஷ்ணநிலை நீடித்த மணிகளால் பெருக்கினால் கிடைக்கும் எண், கான்கிரீட் அடைந்துள்ள முதிர்ச்சியைக் குறிக்கும். ஒரே முதிர்ச்சியுள்ள ஒரே கலவைகள் ஏறத்தாழ ஒரே வலிமையுடையவை.

திருவனந்தபுரத்தில் சராசரி உஷ்ணநிலையை 27 டிகிரி எனக் கொள்வோம். ஒரு நாளில் கிடைக்கும் முதிர்ச்சி 37-ஐ 24-ஆல் பெருக்கிய 888. ஏழு நாட்களில் 6,216. மலைப்பகுதியில் இரவும் பகலும் சேர்ந்த சராசரி 10 டிகிரியாயின் ஒரு நாளின் முதிர்ச்சி 480 மட்டுமே. அதே 6,216-ஐ அடைய 13 நாட்கள் வேண்டும். சராசரி 5 டிகிரியாயின் 17 நாட்களுக்கும் மேலாகும். சமவெளியில் 28 நாட்களில் கிட்டும் வலிமைக்கு 10 டிகிரியில் ஏறத்தாழ 52 நாட்கள் தேவைப்படும். இவ்விதி தோராயமானதேயாயினும், ஏழாம் நாள் வண்டியை ஏற்றலாம் என்ற சமவெளி வழக்கத்தை மலையில் பின்பற்றலாகாது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

தாமதம் பொறுத்துக்கொள்ளக் கூடியது, உறைதல் அவ்வாறன்று. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவிகிதம் பெருகுகிறது. புதிதாக இட்ட கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள நீர் அதே இரவில் உறைந்துவிடுமானால், இன்னும் பிடிப்பு ஏற்படாத சிமெண்டுப் பசையும் ஜல்லியும் ஒன்றைவிட்டொன்று பிரிக்கப்படுகின்றன. பிறகு வெயில் வந்து பனி உருகினாலும் பிரிந்தவை பழையபடி ஒட்டுவதில்லை. இவ்வாறு உறைந்த கான்கிரீட் தன் இறுதி வலிமையில் பாதிவரை இழந்துவிடக் கூடும். அதற்கு மருந்து இல்லை. பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிதாக இடவேண்டியதே. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 35 கிலோ வலிமையை அடைந்த பின்னரே கான்கிரீட் முதல் உறைபனியைத் தாங்கும் நிலையை எய்துகிறது. அந்த நிலை வரும் வரை அதனைப் பச்சைக் குழந்தையைப் போல் பாதுகாக்க வேண்டும்.

குளிர்காலக் கான்கிரீட் வேலைக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 7861-இன் இரண்டாம் பகுதி 1981-இல் வெளியிடப்பட்டது. காற்றின் உஷ்ணநிலை 5 டிகிரி அளவிலோ அதற்குக் கீழோ இருக்கும்போது செய்யப்படும் வேலையை அது குளிர்கால வேலையாகக் கொள்கிறது. பனிமலைகளுக்கு மட்டும் உரியதென்று எண்ணப்படும் இவ்விதி, கேரளத்தின் உயர்ந்த மலைகளிலும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிர்கால இரவுகளில் பொருந்தக் கூடியதாகும்.

எந்தத் தளத்தைத் தேர்ந்தெடுப்பது?

குளிரில் ஆபத்து இறுகும் காலத்தில்தான் உள்ளது என்றால், ஏற்கெனவே இறுகிய பொருளைக் கொண்டுவந்து பதிப்பதே முதல் வழியாகும். இவ்வகையில் முன்வார்ப்புக் கான்கிரீட் கற்கள் மிகவும் ஏற்றவை. பேவர் கற்கள் என்று வழங்கும் இவை தொழிற்சாலையில் இயந்திரத்தால் அழுத்தி வார்க்கப்பட்டு அங்கேயே முதிர்ச்சியடைகின்றன. ஐ.எஸ். 15658 விதி, இலேசான போக்குவரத்திற்கு 60 மில்லிமீட்டர் கனமுள்ள கற்களையும் நடுத்தரப் போக்குவரத்திற்கு 80 மில்லிமீட்டர் கற்களையும் குறிப்பிடுகிறது. கார், ஜீப் நிற்கும் கொட்டகைக்கு முன்னதும், லாரியும் வந்து செல்லும் இடத்திற்குப் பின்னதும் பொருந்தும். நன்கு திமிசு போட்ட ஜல்லிப் படுகையின் மீது சன்னமான மணற்படுகை பரப்பிக் கற்களைப் பதித்து, இடைவெளிகளில் உலர்ந்த மணலை நிரப்பி, அதிர்வு இயந்திரத்தால் அழுத்தினால் போதும். சிமெண்டுக் கலவை தேவையில்லையாதலால் குளிரைப் பற்றிய கவலையும் இல்லை. அன்றே வாகனத்தை நிறுத்தலாம். ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

இம்முறைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. மணலோ அடிமண்ணோ உறைந்திருக்கலாகாது. கற்கள் பக்கவாட்டில் நகராதபடி ஓரத்தில் உறுதியான விளிம்புக் கட்டு வேண்டும். அவ்விளிம்பு மட்டும் கான்கிரீட்டாயின் அதனை மூடிக் காப்பது எளிது. மூன்றாவதாக, கற்களின் இடைவெளி வழியே எண்ணெய் மண்ணுக்குள் இறங்கும். ஆகவே வாகனம் நிறுத்துவதற்கு மட்டுமின்றி எண்ணெய் மாற்றவும் பயன்படும் கொட்டகையில் அப்பகுதிக்கு மட்டும் கசிவற்ற தளம் அமைக்க வேண்டும். மலையில் சிந்தும் எண்ணெய் இறுதியில் ஓடைக்கே செல்கிறது என்பதை மறக்கலாகாது.

அடுத்தது கருங்கல் பலகை. தேய்மானத்தையும் பாட்டரி அமிலத்தையும் அது நன்கு தாங்குகிறது. மெருகிடாத சொரசொரப்பான முகமே மேலிருக்க வேண்டும். சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்த கோட்டா கல்லை அமிலம் அரித்துவிடும். பாட்டரி கையாளும் இடத்திற்கு அது ஆகாது. பலகைகளின் அடியில் இடும் சிமெண்டுக் கலவைக்குக் கான்கிரீட்டுக்குரிய அதே குளிர்ப் பாதுகாப்பு தேவை.

பளபளப்பான ஓடுகள் வீட்டுக்கு அழகு தரலாம். கொட்டகையில் எண்ணெயும் நீரும் சேர்ந்தால் வழுக்கி விழச் செய்யும். கேரளத்திலும் செட்டிநாட்டிலும் புகழ்பெற்ற செங்காவித் தரை கால்நடைக்கு உரியது. அதன் மெல்லிய மேற்படலம் சக்கரமும் ஜாக்கியும் படும் இடத்திற்கு ஏற்றதன்று. ஒட்டாமல் பரப்பும் பி.வி.சி. ஓடுகளைக் குளிரிலும் பதிக்கலாம். ஆனால் அவை குளிரில் சுருங்கி விறைக்கின்றன. முந்தின நாளே அறைக்குள் வைத்துப் பதப்படுத்தி, விரிவுக்கு ஓரத்தில் இடம்விட்டுப் பதிக்க வேண்டும். மேலும் அவை தளத்தின் மேல் விரிக்கும் போர்வையேயன்றித் தாமே தளம் ஆகா.

கான்கிரீட்டையே இடவேண்டியிருந்தால்

பழுதுபார்க்கும் பகுதிக்கும், கசிவு கூடாத இடத்திற்கும், பேவர் கற்களை மலைமேல் ஏற்றும் செலவு மிகுதியாகும் இடத்திற்கும் கான்கிரீட்டே தகுந்தது. அடியில் 250 மைக்ரான் பாலிதீன் தாளை விரித்து, 100 மில்லிமீட்டர் கனத்தில், வாயிற்புறம் நோக்கி மீட்டருக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் சரிவுடன் இடுவது நல்ல அமைப்பாகும். இரண்டரை முதல் மூன்று மீட்டருக்கு ஓர் இணைப்புக் கோடு, தளத்தின் கனத்தில் நான்கிலொரு பங்கு ஆழத்திற்கு வெட்டப்பட வேண்டும். சுருங்கும் கான்கிரீட் எங்கேனும் வெடித்தே தீரும்; அது எங்கே வெடிக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வதற்குத்தான் இக்கோடு.

சிமெண்டைத் தேர்ந்தெடுப்பதிலும் இட வேறுபாடு உண்டு. சாம்பல் கலந்த பொஸலானா சிமெண்டு திருவனந்தபுரத்தின் வெப்பத்திற்கும் உப்புக்காற்றுக்கும் நன்கு பொருந்துகிறது. ஆனால் அது மெதுவாக வலிமை பெறும் இயல்புடையது. குளிர் அந்த மந்தத்தை மேலும் மிகுவிக்கிறது. உறைபனி நேரக்கூடிய நாட்களில் சாதாரண போர்ட்லண்டு சிமெண்டோ விரைவில் இறுகும் சிமெண்டோ மேலானது.

கலவையை வெதுவெதுப்பாக்க மிகச் சுலபமான வழி நீரைச் சூடாக்குவதாகும். ஒரு கிலோ நீரில் அடங்கும் வெப்பம், அதே உஷ்ணநிலையில் ஒரு கிலோ மணலில் அடங்குவதைப்போல் ஏறத்தாழ நாலரை மடங்கு. ஒரு மூட்டை சிமெண்டு 50 கிலோ, மணல் 100 கிலோ, ஜல்லி 200 கிலோ, நீர் 27 கிலோ என்ற கலவையை எடுத்துக்கொள்வோம். திடப்பொருட்கள் அனைத்தும் 5 டிகிரியில் இருக்க, நீர் மட்டும் 60 டிகிரிக்குச் சூடாக்கப்பட்டால், கலவை ஏறத்தாழ 19 டிகிரி உஷ்ணநிலையை அடைகிறது. எடையில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லாத நீர் முழுக் கலவையையும் 14 டிகிரி உயர்த்திவிடுகிறது. சுடுநீரை முதலில் மணலுடனும் ஜல்லியுடனும் கலந்து, பிறகே சிமெண்டைச் சேர்க்க வேண்டும். சுடுநீர் நேராகச் சிமெண்டின் மீது பட்டால் கட்டிதட்டிவிடும்.

வேலையைக் காலை பத்து மணியளவில் தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணிக்குள் இட்டு முடித்தல் நலம். மேற்பரப்பைச் சமன்செய்து மூடுவதற்கு வெயில் சாயுமுன் நேரம் கிடைக்கும். குளிரில் கான்கிரீட்டின் மேல் கசிந்து நிற்கும் நீர் நெடுநேரம் வற்றாது. அதை விரைவில் போக்குவதற்காக உலர்ந்த சிமெண்டைத் தூவிக் கரணையால் தேய்க்கும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. அது மேலே ஒரு பலவீனமான தோலை உண்டாக்குகிறது. சில மாதங்களில் அத்தோல் உரிந்துவிடும். காத்திருப்பதோ, துணியால் ஒற்றியெடுப்பதோதான் சரியான முறை. கலவை கெட்டியாக உள்ளதென்று நீரை மிகுதியாக ஊற்றுவதும் இதே தீங்கைத் தரும்.

முடித்த தளத்தின்மேல் பாலிதீன் தாளை விரித்து, அதன்மேல் ஒரு சாண் கனத்திற்கு வைக்கோலோ, தெர்மோகோல் பலகைகளோ, உலர்ந்த சாக்குகளோ பரப்ப வேண்டும். சிமெண்டு இறுகும்போது தானே வெப்பத்தை வெளியிடுகிறது; அவ்வெப்பத்தை இரவில் இழக்காமல் காப்பதே இப்போர்வையின் பயன். சமவெளியில் செய்வதுபோல் பாத்திகட்டி நீர் நிறுத்தும் முறையை உறைபனி நாட்களில் கைவிட வேண்டும். பாலிதீன் தாளே உள்ளீரத்தைக் காத்துக்கொள்ளும். ஐ.எஸ். 456 விதி சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாட்களும், கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாட்களும் ஈரங்காக்கக் கூறுகிறது. குளிரில் இக்காலத்தை முன்கூறிய முதிர்ச்சிக் கணக்கின்படி நீட்டுவது நலம்.

உறையாமல் இருக்க உப்பைக் கலப்பது தவறு. உப்பிலும் கால்சியம் குளோரைடிலும் உள்ள குளோரைடு, கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். விரைவூட்டி தேவையாயின் குளோரைடு அற்றதையே பயன்படுத்த வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான ஒரு வழக்கம்

குளிரிலிருந்து தளத்தைக் காக்க, மூடிய கொட்டகைக்குள் கரி அடுப்பையோ விறகுச் சட்டியையோ எரியவிடுவது எக்காலும் கூடாது. எரியும் கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. காவலுக்காக அங்கேயே படுத்துறங்கும் தொழிலாளர் விழித்தெழாமலே இறந்துவிடக் கூடும். இப்புகையால் தளத்திற்கும் நன்மையில்லை. அதிலுள்ள கரியமில வாயு புதிய கான்கிரீட்டின் மேற்பரப்பிலுள்ள சுண்ணாம்புடன் கூடி, உதிரும் பொடியாக மாற்றுகிறது. தளத்தைக் காக்க மூட்டிய நெருப்பு தளத்தையும் கெடுத்து, ஆளையும் கொல்கிறது. வேலைக்குப் பொறுப்பான களப்பணியாளர் இதனைத் தொழிலாளருக்கு அவர்கள் மொழியில், வேலை தொடங்குமுன் எடுத்துரைக்க வேண்டும். போர்வையே போதுமான பாதுகாப்பு. போதாதென்று தோன்றினால் வேலையை ஒத்திவைப்பதே முறை.

எபாக்சி மேற்பூச்சும் பனிநிலையும்

எண்ணெய்க் கறை படியாத, எளிதில் கழுவக்கூடிய எபாக்சி மேற்பூச்சு இக்காலத்தில் பரவலாக விரும்பப்படுகிறது. இது பிசினும் இறுக்கியும் கூடி உண்டாவது. சாதாரண எபாக்சி வகைகளை 10 டிகிரிக்குக் கீழ் இடலாகாது. அவை ஒட்டும் பதத்திலேயே நின்றுவிடும். பூஜ்யத்திற்குக் கீழும் இறுகக்கூடிய மெதில் மெதாக்ரிலேட் பிசின்கள் உண்டெனினும் அவற்றின் கடும் நெடியும் தீப்பற்றும் இயல்பும் பயிற்சி பெற்றவர்களையும் நல்ல காற்றோட்டத்தையும் வேண்டுகின்றன.

இங்கு திருவனந்தபுரத்திற்கும் மூணாறுக்கும் பொதுவான ஒரு விதி குறுக்கிடுகிறது. தளத்தின் உஷ்ணநிலை, காற்றின் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மிகுதியாக இருக்க வேண்டும். இல்லையேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் தளத்தின்மேல் படிந்து, பூச்சு ஒட்டாமல் போகும். மூணாறில் காற்று 12 டிகிரியும் ஈரப்பதம் 90 சதவிகிதமும் உள்ள காலையில் பனிநிலை ஏறத்தாழ 10.4 டிகிரி, தளம் 13.4 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். குளிர்ந்த தளம் அந்நிலையை அடையாது. திருவனந்தபுரத்தில் ஜூன் மாதக் காலையொன்றில் காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவிகிதம் எனில் பனிநிலை 25 டிகிரிக்குச் சற்று அதிகம். தளம் 28 டிகிரிக்கு மேல் வேண்டும். இரவெல்லாம் மழை பெய்து குளிர்ந்த தரை அங்கும் அந்நிலையை அடையாது. குளிர் என்பதையே அறியாத கடற்கரை நகரத்திலும் தளம் காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால் பூச்சு தோல்வியடைவது இவ்வாறுதான்.

ஆகவே இருவிடங்களின் காலக்குறிப்பும் வேறாகிறது. திருவனந்தபுரத்தில் மேற்பூச்சுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்கள் ஏற்றவை. மலையில் ஜனவரி மிகவும் பொருந்தாத மாதம். பிப்ரவரி இறுதிக்குப் பின், கோடைமழை வலுக்குமுன், நடுப்பகல் நேரமே உகந்தது. இரு இடங்களிலும் பூச்சுக்கு முன் அடியீரத்தைச் சோதிக்க வேண்டும். அரை மீட்டர் சதுரப் பாலிதீன் தாளைத் தளத்தில் நாற்புறமும் நாடாவால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். தாளின் அடியில் நீர்த்துளியோ தளத்தில் கருமையோ தென்பட்டால் தளம் இன்னும் பூச்சுக்குத் தயாராகவில்லை.

பள்ளியில் செய்து காட்டத்தக்கவை

ஆசிரியர்கள் இவ்வுண்மைகளைச் சிறு பரிசோதனைகளால் விளக்கலாம். ஒரு பிளாஸ்டிக் புட்டியில் நீரை விளிம்புவரை நிரப்பி மூடிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓரிரவு வைத்தால், புட்டி புடைத்திருப்பதைக் காணலாம். இதற்குக் கண்ணாடிப் புட்டியைப் பயன்படுத்தலாகாது. அடுத்து, ஒரே சிமெண்டுப் பசையால் மூன்று வில்லைகள் செய்து, பாலிதீனால் மூடி, ஒன்றை அறையிலும், ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலும், ஒன்றை உறைபகுதியிலும் வைக்க வேண்டும். மறுநாள் ஆணியால் கீறிப் பார்த்தால் முதலாவது கெட்டியாகவும் இரண்டாவது மென்மையாகவும் இருக்கும். உறைந்த வில்லை கல்போல் தோன்றும். அதனை வெளியே எடுத்துப் பனி உருகவிட்டபின் கீறினால் அதன் கெட்டித்தன்மை சிமெண்டினுடையதன்று, பனிக்கட்டியினுடையதே என்பது விளங்கும். விடியற்காலையில் உறைந்து கிடக்கும் தளத்தைத் தட்டிப்பார்த்து இறுகிவிட்டதென ஏமாறுவது இதனால்தான். பசையைக் கையால் தொடாமல் குச்சியால் கையாள வேண்டும்.

சுருக்கம்

1. உறைபனி வரக்கூடிய இடத்தில், வாகனம் நிறுத்தும் பகுதிக்குப் பேவர் கற்களே முதல் தேர்வு.

2. கசிவு கூடாத பகுதிக்குக் கான்கிரீட். சாதாரண சிமெண்டு, சூடான நீர், பாலிதீன், வைக்கோல் போர்வை ஆகியவற்றுடன் பகலில் இடுக.

3. வாகனத்தை ஏற்றும் நாளை நாட்காட்டியால் அல்லாது முதிர்ச்சிக் கணக்கால் தீர்மானிக்க.

4. மேற்பூச்சைத் தளம் 10 டிகிரிக்கும், பனிநிலையைவிட 3 டிகிரிக்கும் மேல் உள்ளபோது மட்டும் இடுக.

5. மூடிய கொட்டகைக்குள் நெருப்பு மூட்டலாகாது.

மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் கொட்டகைத் தளம் பெயர்ந்தால், அதைச் சீர்செய்யும் நாட்களெல்லாம் நோயாளிகளை ஏற்றிச்செல்லும் வண்டி பனியிலும் மழையிலும் வெளியே நிற்கும். அவ்விழப்பைத் தவிர்க்க உதவும் கருவி விலையுயர்ந்ததன்று. ஒரு மூட்டை சிமெண்டின் விலைக்குள் கிடைக்கும் வெப்பமானி ஒன்றை வேலையிடத்தில் தொங்கவிட்டு, மாலையும் விடியற்காலையும் அதன் அளவைக் குறித்துவரும் பழக்கமே போதுமானது.